வாளிக்குப் போன சிரைகள்

எனக்குக் கோபம் அதிகம் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அதில் பாதி பொய். இருபத்து நான்கு வருடமாக நான் வேலை பார்க்கிற இடத்தில் யாரும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. பேச முடியாதவர்களோடு பழகிப் பழகி, பேசுகிறவர்களைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் வராமல் போய்விட்டது. அவ்வளவுதான்.

மருத்துவக் கல்லூரியில் அனாடமி சொல்லிக்கொடுக்கிறேன். தானமாக வந்த உடல்களை அறுத்து, உள்ளே இருப்பதைப் பிரித்து, மாணவர்கள் பார்த்துப் படிக்கிற மாதிரி தயார் செய்வது என் பொறுப்பு. அதிலும் இடுப்புக்கூடு என் ராஜ்ஜியம். கை, கால், மார்பு எல்லாம் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். இடுப்புக்குள் இறங்குவது கிணற்றில் விழுந்த மோதிரத்தைத் தேடுவது மாதிரி. நான் செய்த இடுப்புகள் மூன்று, கல்லூரி மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. கீழே என் பெயர் எழுதியிருக்கிறது. வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வருகிற பேராசிரியர்கள் அதன் முன்னால் நின்று பெருமூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன். பார்க்காதவள் மாதிரி பக்கத்தில் நின்றும் இருக்கிறேன்.

என் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, அதே ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் சர்ஜன். பெண்களுக்கு வருகிற புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்கிறவள். வீட்டில் அவளுக்குக் கத்தி என்று பெயர். அது தொழிலால் வந்ததில்லை, நாக்கால் வந்தது. அவள் தனியாக ஆபரேஷன் செய்யத் தொடங்கிய புதிதில் ஒரு நாள், "அண்ணி, உங்க பேஷன்ட் யாரும் இதுவரைக்கும் புகார் சொன்னதில்லையாமே" என்றாள். "உன் பேஷன்ட்லயும் சில பேரு சொல்றதில்லன்னு கேள்விப்பட்டேன்" என்றேன். அன்றிலிருந்து எங்களுக்குள் நல்ல உறவு. நடுவில் என் கணவருக்குத்தான் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

இந்தக் கதை என் தங்கையைப் பற்றியது. அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி லாரியில் வைக்கிற பெரிய கிரேன். தரையிலிருந்து பதினைந்து மாடி உயரத்தில், காலுக்குக் கீழேயும் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. அதில் குனிந்து உட்கார்ந்தால் நான்கு மணி நேரம் எழுந்திருக்க முடியாது. முப்பத்தெட்டு பேர் இருக்கிற பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு மேலதிகாரி கேட்ட முதல் கேள்வி, "மேல பாத்ரூம் கிடையாதும்மா, தாங்குவியா?" என்பது. "நீங்கள்லாம் தாங்குறீங்கதானே" என்றாளாம் இவள். மணிக்கு முப்பது பெட்டி தூக்குவாள். பெட்டி லாரியில் உட்காரும்போது சத்தமே கேட்காது என்று டிரைவர்கள் சொல்வார்கள். அதை அவளே சொல்லமாட்டாள், ஆனால் வேறு யாராவது சொன்னால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நன்றாகக் கேட்பாள்.

அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று என்று தெரிந்தபோது வயது முப்பத்தொன்பது. இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில். சோதனை ரிப்போர்ட்டோடு கத்தி எங்கள் வீட்டுக்கே வந்தாள். சாப்பாட்டு மேசையில் நான், என் தங்கை, என் கணவர்.

"உயிர் போகுமா?" என்று தங்கை கேட்டாள்.

"போகாது. சீக்கிரமே பிடிச்சிட்டோம். கர்ப்பப்பையையும் சுத்தி இருக்கிற சதையையும் அகலமா எடுத்துட்டா தீந்துது."

"அப்ப வேற என்ன போகும்?"

கத்திக்கு என்ன குறை இருந்தாலும் பொய் சொல்ல வராது. "மூத்திரப்பைக்குப் போற நரம்பு அந்தச் சதைக்குள்ளதான் ஓடுது. அது போச்சுன்னா பை மரத்துடும். நிறைஞ்சது தெரியாது, தானா காலியாகவும் ஆகாது. குழாய் விட்டு எடுக்கணும். ஒரு நாளைக்கு அஞ்சு ஆறு தடவை. சில பேருக்குக் கொஞ்ச மாசத்துல சரியாகும். சில பேருக்கு ஆகாது."

தங்கை தன் கைகளைப் பார்த்தாள். "மேல உக்காந்துட்டு குழாய் எப்படி விடுறது?"

"கீழ வேற வேலை குடுப்பாங்க" என்றார் என் கணவர், ஆறுதலாகத்தான்.

"கீழ இருந்து மேல பாக்குற வேலை எனக்கு வேண்டாம் மாமா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை. கிரேன் அறைக்கு ஏறுகிற லிஃப்ட் கெட்டுப்போனால் ஏணியில் ஏறிப் போகிறவள். அவளிடமிருந்து அந்த அறையை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பவள் யார் என்று எனக்கே தெரியாது.

கோபம் எனக்கு யார் மேல் வர வேண்டுமோ அவர்கள் மேல் வராது, பக்கத்தில் இருப்பவர் மேல் வரும். "நரம்பு எங்க ஓடுதுன்னு உலகத்துக்கே தெரியுமே" என்றேன் கத்தியிடம். "என் மியூசியத்துக்கு வந்து பாரு. ஒவ்வொன்னும் நூல் நூலா தெரியும். அதுக்கு அப்புறமும் ஒருத்தி அதை வெட்டினா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதைதான்."

கத்தி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "உங்க மாடலை நான் பத்து தடவை பாத்தாச்சு அண்ணி. அழகு. ஆனா அதுல ஒரு சிரைகூட இல்ல."

"சிரை எதுக்கு? அதை எடுத்தாத்தானே நரம்பு தெரியும்."

"நான் வயித்தைத் திறந்தா எனக்குத் தெரியுறது சிரை மட்டும்தான். ஒன்னு மேல ஒன்னா, தொட்டா கிழியுற மாதிரி. நரம்பு அதுக்குக் கீழ எங்கயோ கிடக்கு. ஒரு சிரை கிழிஞ்சா போதும், குபுகுபுன்னு ரத்தம் நிறையும். ஒன்னும் தெரியாது. ஆள் உயிரைக் காப்பாத்தணும். அந்த ரத்தத்துக்குள்ள கிளிப்பை விட்டு, கிடைச்சதைப் பிடிப்போம். ரத்தம் நிக்கும். கிளிப்புக்குள்ள நரம்பும் மாட்டியிருக்கும். நாங்க யாரும் நரம்பை வெட்டுறதில்ல அண்ணி. தெரியாம நசுக்குறோம். சிரை இல்லாத இடுப்பு உலகத்துலயே உங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள மட்டும்தான் இருக்கு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது."

"சண்டையா போடுறீங்க?" என்றாள் தங்கை. "சிரை, நரம்பு எல்லாம் ஒன்னுதானே. ஊசி போடும்போது நர்ஸம்மா நரம்பு கிடைக்கலன்னுதானே சொல்றாங்க."

இந்த ஒரு விஷயத்தில் நானும் கத்தியும் எப்போதும் ஒரே கட்சி. "இல்ல" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். சிரை என்பது கெட்ட ரத்தம் திரும்பிப் போகிற குழாய், நரம்பு என்பது சேதி போகிற நூல் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவள் எழுந்துபோய் டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் காலை நான் மியூசியத்துக்குப் போய் என் பெட்டியின் முன்னால் நின்றேன். வழக்கமாக அந்த இடத்தில் நின்றால் எனக்கு முதுகு நிமிரும். அன்றைக்கு நிமிரவில்லை. கத்தி சொன்னது உண்மை. தமனி சிவப்பு, நரம்பு மஞ்சள், எல்லாம் சாயம் பூசி, காற்றாட, ஒன்றையொன்று தொடாமல். உள்ளே இடைவெளிகள் தெரிந்தன. அந்த இடைவெளியில் இருந்தது எல்லாம் எங்கே போனது என்று இருபத்து நான்கு வருடத்தில் நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. நாங்கள் படித்த கையேட்டிலேயே, சிரைகளை முதலில் நீக்கிவிட்டு மேற்கொண்டு செல்லவும் என்றுதான் இருக்கும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் நீக்கினார்கள். நானும் நீக்கினேன். என் மாணவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேரும் நீக்கிவிட்டுத்தான் டாக்டரானார்கள். எங்கள் கல்லூரியிலேயே படித்த கத்தி உட்பட.

துறைத் தலைவரிடம் போய், இன்னும் யாரும் கைவைக்காத இரண்டு பெண் உடல்களின் இடுப்பு வேண்டும் என்று கேட்டேன். "எதுக்கு மேடம்?" என்றார். "சிரையோடு செய்யப் போறேன்" என்றேன். "சிரையோடயா? அது குப்பையாச்சே" என்றார். நல்ல மனிதர், நான் பார்த்த பார்வையில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இடுப்பைப் பாதியாக அறுத்துப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். கத்தி மேலிருந்து பார்க்கிறவள். அதனால் அறுக்காமல் முழுசாக வைத்துக்கொண்டு, சர்ஜன் நிற்கிற இடத்தில் நானும் நின்று, மேலிருந்து கீழே இறங்கினேன். இரண்டு உடல், நான்கு பக்கம். தினமும் வகுப்பு முடிந்து மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை.

முதல் பக்கம் நாசமாகிப்போனது. உடல் கெடாமல் இருக்கப் போடுகிற ஃபார்மலினில் ஊறிய சிரை ஈரக் காகிதம் மாதிரி. தொட்ட இடமெல்லாம் பிய்ந்தது. இடுக்கியை வைத்துவிட்டு வெறும் ஈரப் பஞ்சால் துடைத்துத் துடைத்துக் கொழுப்பை நீக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஐந்து நாள் ஆனது. நாற்பத்தெட்டு வயதில், என் ராஜ்ஜியத்திலேயே, முதல் வருட மாணவி மாதிரி வியர்த்துப்போய் நின்றேன்.

இரண்டாவது பக்கத்தில்தான் அது நடந்தது. கர்ப்பப்பையின் பக்கத்திலிருந்து இடுப்புச் சுவருக்குப் போகிற ஒரு பெரிய சிரை உண்டு, ஆழத்தில். அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். மனம் தங்கையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது. கை தன் பாட்டுக்கு வேலை பார்த்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். கத்தரிக்கோல் இரண்டு முனையிலும் கடித்தது, இடுக்கி சிரையை எடுத்தது, வாளியில் போட்டது. போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

அந்த வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஹாலில் மேசைக்கு ஒரு வாளி. ஒரு உடலிலிருந்து எடுக்கிற சின்னத் துணுக்குகூட அந்த மேசை வாளியில்தான் போக வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் அந்த உடலோடு சேர்த்துத்தான் அடக்கம் செய்வோம். கொடுத்தவரிடம் ஒரு துளியும் குறையாமல் திருப்பித் தருவது எங்கள் மரியாதை. அதனால் அந்தச் சிரை எங்கேயும் போகவில்லை. என்னையே திட்டிக்கொண்டு குனிந்து அதை எடுத்தேன். தட்டில் போட்டு, தண்ணீர் விட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சிரையின் அடிப்புறம் ஒட்டிக்கொண்டு வெள்ளையாக இரண்டு நூல்.

நார் என்றுதான் முதலில் நினைத்தேன். நாருக்கும் நரம்புக்கும் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியாது, ஊற்றிலிருந்து தொடர்ந்து வந்தால்தான் தெரியும். முதுகெலும்பின் அடியில் இருக்கிற திருவெலும்பின் முன்பக்கத்து ஓட்டைகளுக்குப் போனேன். அங்கிருந்து கிளம்புகிற நரம்பைப் பிடித்து முன்னால் வந்தேன். நான் சிரையை வெட்டிய இடத்தில் அது அறுந்து நின்றது. அறுந்த நுனியும் தட்டில் இருந்த நூலின் நுனியும் பொருந்தின.

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். மூத்திரப்பைக்குப் போகிற நரம்பு சிரையின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. இருபத்து நான்கு வருடம், எத்தனை உடல், எத்தனை பக்கம். நான் சிரை என்று வாளியில் போட்டதெல்லாம் சிரை மட்டும் இல்லை. கண்ணாடிப் பெட்டியில் சாயம் பூசி நிற்பது, என் கத்தரிக்கோலுக்குத் தப்பிய நரம்புகள் மட்டும். நான் பெருமைப்பட்ட இடத்தில்தான் தப்பும் இருந்தது. வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, வெட்கத்துக்குக் கீழே இன்னொன்று இருந்தது தெரிந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்கிற சந்தோஷம். பொய் சொல்வானேன், அதுதான் பெரிதாக இருந்தது.

மூன்றாவது பக்கம் ஒரு சிரைகூடப் பிய்யாமல் வந்தது. நான்காவது பக்கம் என்னைத் திணறடித்தது. அந்த ஆழத்துச் சிரை எல்லாப் பக்கத்திலும் ஒன்று, இங்கே இரண்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் நரம்பு. கையேட்டில் இல்லாத சங்கதி. அதையும் அப்படியே வைத்தேன்.

கத்திக்குப் போன் செய்து, "வா" என்றேன். "எங்க?" என்றாள். "உன் பழைய இடத்துக்கு."

டிசெக்‌ஷன் ஹாலில் அவள் கால் வைத்து இருபது வருடம் இருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவள் மேசை பக்கம் வந்ததும் கையை எடுத்துவிட்டாள். மூன்றாவது பக்கத்தின் மேல் குனிந்தாள். அவள் விரல் காற்றில் சிரையின் மேலேயே நகர்ந்தது, ஆபரேஷனில் போகிற வழியாகவே.

"இதுதான் நான் பாக்குற இடுப்பு" என்றாள் கடைசியில்.

"இந்தப் பெரிய சிரையைத் தூக்கு. அடியில பாரு."

இடுக்கியால் தூக்கினாள். நரம்பு தெரிந்தது. பின்னாலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று வந்து சேர்கிற இடம். அங்கிருந்து கர்ப்பப்பைக்கு ஒன்று, மூத்திரப்பைக்கு ஒன்று. சரியான நாற்சந்தி.

"கர்ப்பப்பைக்குப் போற ரோட்டை மட்டும் வெட்டினா போதும்" என்றாள் மெதுவாக. "சிரையை முதல்ல ரெண்டு பக்கமும் கட்டிட்டு, தூக்கிட்டு…"

"ரத்தமே வராது. கீழ எல்லாம் தெரியும்."

"எங்க வாத்தியாருங்க யாரும் சிரையை வச்சிக் காட்டல அண்ணி."

"நானும்தான் காட்டல" என்றேன். அந்த வாளிக் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை. "தப்பை இவ்வளவு அழகா யாரும் சரிபண்ணி நான் பாத்ததில்ல" என்றாள். கத்தியின் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்தது எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதன் பிறகு அவள் தினமும் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு சிரைகளின் வரிசையை என்னிடம் ஒப்பித்துவிட்டுப் போனாள்.

ஆபரேஷன் அன்றைக்கு நான் உள்ளே நிற்க வேண்டும் என்று கத்திதான் கேட்டு அனுமதி வாங்கினாள். தங்கை சம்மதக் கையெழுத்துப் போடும்போது, "நீ உள்ள போனா மயங்கி விழாம நில்லுக்கா. எல்லாரும் உன்னைத் தூக்கப் போயிட்டா என்னை யாரு பாக்குறது" என்றாள். பேனாவை மூடி அவளே பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள்.

பச்சை உடை போட்டு, கத்தியின் தோளுக்குப் பின்னால் ஒரு மரப்படியின் மேல் நின்றேன். உயிரோடு இருக்கிற இடுப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எல்லாம் அசைந்தது. தமனி துடித்தது. என் மேசையில் தட்டையாகக் கிடந்த சிரைகள் இங்கே நீலமாக, நிறைந்து, பளபளவென்று இருந்தன. என் பாடம் முழுக்க எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

வலது பக்கம் எழுதி வைத்த மாதிரி போனது. ஆழத்துச் சிரையைக் கட்டினாள், வெட்டினாள், தூக்கினாள். அடியில் நாற்சந்தி. "இருக்கு" என்றாள் கத்தி. உதவி சர்ஜன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது நரம்பா மேடம்? இவ்வளவு தெளிவாவா?" என்றார்.

இடது பக்கம் சிரையைக் கட்டித் தூக்கியவுடன் அடியிலிருந்து ரத்தம் கொப்பளித்தது. இரண்டு நொடியில் குழி நிறைந்துவிட்டது. உறிஞ்சுகிற குழாய் சத்தம் போட்டது. மயக்க மருந்து டாக்டர் ஏதோ எண் சொன்னார். உதவி சர்ஜன் கிளிப்பை நீட்டினார். கத்தியின் கை தானாக அதை வாங்கியது. அந்தக் கையை எனக்குத் தெரியும். வாளிப் பக்கம் போன என் கை மாதிரியே இருந்தது.

"கிளிப் வேண்டாம்" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாலாவது பக்கம் மாதிரி. ரெண்டு சிரை. கிழிஞ்சது கீழ இருக்கிறது, நரம்புக்கு அடியில. இப்பக் கிளிப்பை விட்டா முதல்ல நரம்புதான் மாட்டும். அழுத்து."

கத்தி திரும்பவில்லை. பஞ்சுத் துணியைக் குழிக்குள் வைத்து இரண்டு விரலால் அழுத்தினாள். "அஞ்சு நிமிஷம் அண்ணி. நிக்கலன்னா கிளிப்தான். நரம்பைவிட ஆளு முக்கியம்."

"சரி" என்றேன். வேறென்ன சொல்வது. அங்கே ஊறுவது என் தங்கையின் ரத்தம். இறந்தவர்கள் மேல் தப்புச் செய்தால் வாளியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இங்கே நான் சொன்னது தப்பென்றால் எதை எங்கிருந்து எடுப்பது. சுவர்க் கடிகாரத்தில் நொடி முள் நகர்ந்தது. நான்கு பக்கம் பார்த்தவள் நான், நான்கே பக்கம். நரம்பு அங்கேதான் இருக்கும் என்று சொல்ல எனக்கு என்ன துணிச்சல். விழமாட்டேன் என்று மட்டும் தங்கைக்கு மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஐந்து நிமிஷம் முடிந்து, கத்தி துணியை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தாள். ரத்தம் கசிந்தது, ஆனால் கொப்பளிக்கவில்லை. சிவப்புக்கு நடுவில், ஈரமாக, வெள்ளையாக, அது கிடந்தது. கிளிப் இறங்கியிருந்தால் அதன் வாய்க்கு நேராக. ஒரு மெல்லிய நாடாவை நரம்புக்கு அடியில் கொடுத்து ஓரமாக நகர்த்தினாள். அதற்குக் கீழே கிழிந்த சிரை தெரிந்தது, தனியாக. அதற்கு மட்டும் கிளிப் போட்டாள்.

"அண்ணி" என்றாள், குனிந்தபடியே. "சுரைக்காய் கறிக்கு ஆச்சு."

முகமூடிக்குள் நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. என் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி.

ஆனால் நரம்பு கண்ணுக்குத் தெரிவது வேறு, வேலை செய்வது வேறு. இழுபட்டிருக்கலாம், சூடு பட்டிருக்கலாம். ஒன்பதாவது நாள் காலை மூத்திரக் குழாயை எடுத்தார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். தானாக வருகிறதா, போன பிறகு உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். நூறு மில்லிக்கு மேல் மிச்சம் இருந்தால் மறுபடியும் குழாய்.

எட்டு மணிக்குக் குழாய் எடுத்தது. ஒன்பது, ஒன்றுமில்லை. பத்து, ஒன்றுமில்லை. தங்கை நான்காவது டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்திக்கு அன்றைக்கு வெளி நோயாளிகள் பிரிவு. அரை மணிக்கு ஒரு தடவை ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். நான் பழைய செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் பதினைந்து தடவை படித்திருப்பேன்.

பத்தே முக்காலுக்குத் தங்கை, "அக்கா" என்றாள். வயிற்றின் மேல் கையை வைத்திருந்தாள். "முட்டுது."

"என்னது?"

"மூத்திரம் முட்டுதுக்கா. நல்லாத் தெரியுது."

உலகத்தில் தினமும் எல்லாரும் சொல்கிற வார்த்தை. நாற்சந்தி வழியாகச் சேதி மேலே போயிருக்கிறது. எழுந்து அவள் கையைப் பிடித்துப் பாத்ரூம் வாசல் வரை கூட்டிப்போனேன். நர்ஸம்மா அளவு போட்ட பிளாஸ்டிக் ஜாடியைக் கொடுத்தார். அதற்குள் கத்தியும் மூச்சு வாங்க வந்துவிட்டாள். தங்கை கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு பேரும் கதவோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம், ஒருத்தி பேராசிரியை, ஒருத்தி தலைமை சர்ஜன்.

"ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போறீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீங்க மூச்சு விடுறது கேக்குது. எப்படி வரும்?"

இரண்டு அடி தள்ளி நின்றோம். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. கத்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டது. முதலில் விட்டு விட்டு, பிறகு ஒரே சீராக. கத்தி பிடியை இறுக்கினாள். வலித்தது, ஆனால் நான் கையை எடுக்கவில்லை.

தங்கை ஜாடியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்து படுத்தாள். நர்ஸம்மா அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்தார். திரையில் எண் வருவதற்கு ஒரு நொடி ஆனது.

"மிச்சம் இருபத்தஞ்சு மில்லி மேடம்" என்றார்.

கத்தி தலையை ஆட்டினாள். இன்னும் ஒரு தடவை ஆட்டினாள். "கேஸ் ஷீட்ல எழுதுங்க" என்றாள், ரொம்பச் சாதாரணமாக. பிறகு ஜன்னல் பக்கம் போய் ஜாடியை வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்த்தாள். முந்நூற்றுப் பத்து. அதை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள்.

"பிடிங்க அண்ணி. இதுல பாதி உங்களோடது."

"எல்லாமே என்னோடது" என்றாள் தங்கை கட்டிலிலிருந்து. "கஷ்டப்பட்டது நானு."

எனக்கு விருதுகள் வந்திருக்கின்றன. மேடையில் ஏறிக் கேடயம் வாங்கியிருக்கிறேன். கல்லூரிச் சுவரில் என் பெயர் இருக்கிறது. அந்த ஜாடியை வாங்கியபோது வந்த பெருமை அதில் எதிலும் எனக்கு வந்ததில்லை. வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு சொட்டுச் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.